ஐந்தாம் வார்த்தை முடியும்வரை

புஷ்பபாய் தன் அறுபத்திரண்டு வயதுக்குள் ஒரு நாளும் மின்விசிறிக்குக் கீழே படுத்ததில்லை. விசிறிக்காற்றில் தலையில் நீர் கோக்கும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு, பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற வழியில் உள்ளே திரும்பும் அந்த ஒடுங்கிய ரோட்டில் வேறு எந்த வீட்டுக்கும் வரும் முன்பே, ஏசி வந்தது. வந்தது அவளுக்கல்ல, நாய்க்கு.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. "நாயிக்கு ஏசி, பெத்த தள்ளைக்குப் பாளை விசிறி" என்று ரேஷன் கடை வரிசையில் அவள் காதுபடவே சொன்னார்கள். புஷ்பபாய் சிரித்துக்கொண்டாள். மகன் அனுப்பிய ஏசி என்று சொல்லிக்கொள்ளத்தான் அவள் ரேஷன் கடைக்கே போனாள் என்று நினைக்கிறேன்.

மகன் அபின் கனடாவில் நர்ஸ். போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, கூட்டுக்காரனிடம் சொல்லி வைத்து ஒரு ஹஸ்கி குட்டியை வாங்கி வந்தான். நீலக்கண், இரட்டைக் கம்பளியை உடுத்தியதுபோல ரோமம். லூணா என்று பெயர் வைத்தான். பனியில் இருக்க வேண்டிய நாய் பாறசாலையில் நின்றது, பாறசாலையில் இருக்க வேண்டிய பையன் பனிக்குப் போனான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அபினின் வீடியோ கால் வரும். "லூணாவைக் காட்டு அம்மா" என்பதுதான் முதல் பேச்சு. அரை மணிநேரம் நாயோடு கொஞ்சுவான். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது புஷ்பபாயின் வேலை. கடைசியில் "நீ சாப்டியா?" என்பான். அந்த ஒரு கேள்விக்காக அவள் அரை மணிநேரம் கை கடுக்க நிற்பாள். நாய் இருக்கும்வரை இந்த அழைப்பு இருக்கும். நாய் போனால் இது எத்தனை வாரம் தாங்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே லூணாவைக் கோடையில் காப்பது அவளுக்குப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. கும்ப மாதம் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், விடியும் முன் நடக்கக் கூட்டிப் போவாள். ஏழு மணி ஆகிவிட்டால் உள்ளங்கையைத் தார் ரோட்டில் அமர்த்திப் பார்ப்பாள். கை தாங்காத சூட்டை நாயின் கால் எப்படித் தாங்கும்? மத்தியானம் மோர் ஊற்றிக் கரைத்த கஞ்சி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளில் தண்ணீர் உறைய வைத்து, அந்தக் கட்டிகளைக் குடிக்கிற சட்டியில் மிதக்க விடுவாள். முதல் வருஷம் ஒரு தப்பு செய்தாள். மீன் கூடையை மூடுகிறதுபோல நனைத்த சாக்கை நாயின் முதுகில் போட்டு மூடினாள். மிருக டாக்டர் நீது வந்து பார்த்துச் சத்தம் போட்டாள்.

"சாக்கு போட்டு மூடப்பிடாது அம்மச்சி. உள்ள சூடு வெளிய போகண்டாமா? வயித்திலயும் காலிலயும் வெள்ளம் விடணும், காத்து கொள்ளணும். முடியை வெட்டவும் வேண்டாம், அதுதான் அதுக்குக் குடையாக்கும்."

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் இதையெல்லாம் வேதவாக்கியம்போல மனப்பாடம் செய்தாள். அப்படி மூன்று கோடை தாண்டியது.

நாலாவது கோடை பொல்லாத கோடை. புஷ்பபாயின் கிணறு மீன மாதத்துக்கு முன்பே சேறாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஷியாமளாவின் கிணற்றில் மட்டும் ஒரு முழம் தண்ணீர் நின்றது. புஷ்பபாய் அங்கே கோரிக் குடித்தாள், சமைத்தாள், நாயையும் குளிப்பாட்டினாள். ஒருநாள் ஷியாமளா பொறுமை கெட்டுக் கேட்டேவிட்டாள்.

"குடிக்க வெள்ளம் கோருததே பாடா கெடக்கு. நாயைக் குளிப்பாட்ட எனக்க கிணறுதான் கிட்டுச்சா அக்கா?"

"உனக்க கிணத்துத் தண்ணி இனி எனக்கு வேண்டாம்" என்று புஷ்பபாய் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். கிணறு வற்றும் முன்பே பேச்சு வற்றிவிட்டது. அபினிடம் சொல்லி ஏசி வந்தது அதற்கடுத்த வாரந்தான்.

ஏசி வைத்தது அபின் படுத்திருந்த முறியில். குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னல் கதவுகளுக்கு ஆணி அடித்தாள். கதவிடுக்கில் பழைய துணி திணித்தாள். லூணா குளிர்ந்த தரையில் மல்லாந்தும் கவிழ்ந்தும் உருளுவதைப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது.

இதே சமயத்தில்தான் அவளுக்கு இன்னொரு பெரிய காரியம் நடந்தது. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிமுதல் மூன்று மணிவரை சபையில் தியான ஆராதனை. கர்த்தர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழுபேர் எடுத்துப் பேசுவார்கள். பேசுகிறவர்கள் டாக்டர்கள், தலைமை ஆசிரியைகள், அவர்களுடைய கொழுந்திமார்கள். அங்கன்வாடியில் கஞ்சி காய்ச்சிய புஷ்பபாய் அந்த ஆராதனைக்கு முப்பது வருஷமாக பெஞ்சு துடைத்தவள். இந்த வருஷம் போதகர் அவளைக் கூப்பிட்டு, "ஐந்தாம் வார்த்தை உங்களுக்கு" என்றார். தாகத்தைப் பற்றிய வார்த்தை.

மூன்று வாரம் எழுதினாள். ஆறு தாள் வந்தது. லூணாவுக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினாள். நாய் காதை விடைத்துக் கேட்டது. அதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

பெரிய வெள்ளியன்று பதினொன்றரைக்கு லூணாவை முறியில் விட்டு, ஏசி போட்டு, சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, கதவைப் பூட்டினாள். முன்வாசல் கம்பிக் கதவையும் பூட்டினாள். எங்கே போனாலும் சாவியை ஷியாமளாவின் அடுக்களை ஆணியில் தொங்கவிட்டுப் போவதுதான் இருபது வருஷப் பழக்கம். அன்று ஷியாமளா முற்றத்தில் நின்றாள். புஷ்பபாய் அவளைப் பாராமல் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். துக்க நாளில் யாரும் போன் கொண்டு போவதில்லை, அதனால் போன் மேசையில் கிடந்தது.

இரண்டாம் வார்த்தை தொடங்கியபோது சபைக் கோவிலில் விசிறிகள் நின்றன. கறண்டு போய்விட்டது. ஆண்கள் பாட்டுத்தாளால் விசிறிக்கொண்டார்கள். புஷ்பபாய் மட்டும் வீட்டை நினைத்தாள். இங்கே போனால் அங்கேயும் போயிருக்கும், ஒரே லைன். ஆணியடித்த ஜன்னல், துணி திணித்த கதவு, மேலே வெயில் குடித்த கான்கிரீட்.

இப்போது வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் வார்த்தை முடிந்தது, மூன்றாம் வார்த்தை முடிந்தது. ஒரு எட்டு போய்க் கதவைத் திறந்துவிட்டு வரலாமா? பாதியில் எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பும் முன் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? முப்பது வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிற பெயர். மின்விசிறி அசைகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே நாலாம் வார்த்தையையும் உட்கார்ந்து கடத்தினாள். பக்தியில் அண்ணாந்திருக்கிறாள் என்று பக்கத்திலிருந்த தங்கபாய் நினைத்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அவள் பெயர் வந்தது. ஏறி நின்று முதல் தாளை வாசித்தாள், குரல் நடுங்கவில்லை. இரண்டாம் தாளை முடித்துத் தலை நிமிர்ந்தபோது பக்கவாசலில் சிவதாணு நின்றான்.

ஷியாமளாவின் புருஷன். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை, கை காட்டவில்லை, வாயும் திறக்கவில்லை. அவன் வேட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மழையில்லாத ஊரில், பேச்சில்லாத வீட்டுக்காரன், நனைந்த வேட்டியோடு எதற்கு வருவான்? புஷ்பபாய்க்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கையில் இன்னும் நாலு தாள். மடக்கி வைத்து ஆமென் சொல்லி இறங்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நாலில் இரண்டாவது தாள்தான் அவள் மிக நன்றாக எழுதிய தாள். அதைமட்டும் வாசித்துவிடலாம் என்று நினைத்தாள். அதை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்தாள். பிறகு எப்படி நிறுத்துவது? அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மீதி மனப்பாடம்தானே. வாசலைப் பார்க்காமல், தாகத்தைப் பற்றி, ஆறாம் தாளின் கடைசி வரிவரை சொன்னாள். குரல் உடைந்தது, சபை முழுக்க விம்மியது.

வெளியே வந்ததும் சிவதாணு, "அக்கா, சாவி" என்றான். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

வீட்டில், நாயின் ஊளை கேட்டு ஓடிவந்த ஷியாமளா ஜன்னல் கண்ணாடியை அம்மிக்குழவியால் உடைத்திருந்தாள். இரும்புக் கம்பி வழியாகச் செம்பு செம்பாக உள்ளே தண்ணீர் வீசிக்கொண்டிருந்தாள். அவள் கிணற்றின் கடைசி ஒரு முழம் அந்த முறியின் தரையில் கிடந்தது.

"பூட்டை உடைக்கச் சொன்னேன் அக்கா. பேச்சில்லாத்த வீட்டுப் பூட்டை எப்டி உடைக்கும்னு இவிய மடிச்சு நின்னாவ" என்று ஷியாமளா அழுதாள். "ஒண்ணே முக்கால் வரை எழும்பி நின்னு கம்பியை நக்கிச்சு. இப்பதான், ரெண்டு மணிக்குத்தான் படுத்துது."

லூணா கதவிடுக்கில் மூக்கை வைத்துக் கிடந்தது. திணித்த துணியைப் பாதி இழுத்துப் போட்டிருந்தது. மூச்சு இருந்தது, நாக்கு கறுத்திருந்தது. டாக்டர் சொன்னதெல்லாம் புஷ்பபாய் ஒன்று விடாமல் செய்தாள்: வயிற்றில் தண்ணீர், காலில் தண்ணீர், நிழல், காற்று. ஆட்டோவில் ஏற்றி மெயின் ரோடு தொடும் முன் அவள் மடியிலேயே அது அடங்கிவிட்டது.

அபினிடம் கறண்டு போய்விட்டது என்றாள். அது பொய்யில்லை. அவன் அழுதான், பிறகு போனை வைத்தான். அடுத்த ஞாயிறு மூன்று நிமிஷம் பேசினான். அதற்கடுத்த ஞாயிறு டியூட்டி என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. சபையிலோ, புஷ்பபாய் பேசியதுபோல இதுவரை யாரும் பேசியதில்லை என்றார்கள். அடுத்த வருஷமும் அவளுக்கே ஒரு வார்த்தை என்றார் போதகர். அவள் தலையாட்டினாள். சோறு இறங்கவில்லை. முறிக்கதவைத் திறந்தே போட்டிருந்தாள், இனி திறந்து யாருக்காக?

சிவதாணுதான் அவளைவிட வதங்கிப் போனான். கடைத்தெருவில் கண்டவர்களிடமெல்லாம் தன்னால்தான் அந்த ஜீவன் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் சாயங்காலம் படியேறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"எனக்கு உறக்கம் இல்லை அக்கா. நான் ஒண்ணு கூப்பிட்டிருக்கணும். நீங்க பிரசங்கத்தில நிக்கீய, அம்பலத்தில பூஜை நடக்கும்போ சத்தம் போடுவமா, அப்டி நினைச்சு நின்னுட்டேன். நீங்க என்னைக் கண்டிருந்தா ஓடி இறங்கியிருப்பிய. கண்ணை மூடியில்லியா பறஞ்சோண்டிருந்திய."

கண்டேன் தாணு. இரண்டே சொல். அவள் வாயைத் திறந்தாள். நாக்குக்கு வந்துவிட்டது. எதிரே அவன் முகம், அடி வாங்கக் காத்திருக்கிற முகமாக இருந்தது.

"சாரமில்லை தாணு" என்றாள் புஷ்பபாய். "நீ வேணும்னு செய்தியா? நான் மனசில ஒண்ணும் வச்சுக்கல்ல. போ மக்கா, போய் உறங்கு."

சிவதாணு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.