மூன்றாவது பெட்டி, ஜன்னல் சீட், கௌதமன் அண்ணா

கௌதமன் அண்ணா போய்விட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் பெங்களூரிலிருந்து வந்து, சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டு வாசலில் ஷூ கழற்றக் குனிந்தவர்... ஹார்ட் என்கிறார்கள். முப்பத்து நாலு வயது.

நேற்று அடக்கம். புத்த விஹாரிலிருந்து வந்தவர்கள் பஞ்சசீலம் சொன்னார்கள், சர்ச் லைன் தெரு அண்ணன்கள் நாற்காலி போட்டார்கள். நான் சும்மா நின்றேன். நான் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை, அதனால் எல்லாரும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தெரியாதவர்களுக்காக... வாரமெல்லாம் ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாட் செய்வார். (அம்மா, மாட் என்றால் மாடு இல்லை. கம்பெனி விற்கிற கேமுக்குள் ரசிகர்களே செய்து சேர்க்கிற எக்ஸ்ட்ரா.) ஏதோ வெளிநாட்டு ரயில் கேம் அது. அதில் நம்ம பெங்களூர் பாசஞ்சரை ஓடவிட்டவர் அவர்தான். பங்காருபேட்டையில் வடை விற்கிற குரல் உட்பட.

அதற்குக் காசு கேட்டார். நூறு ரூபாய். அங்கேதான் கலாட்டா.

கேம் ரசிகர்கள் குரூப்பில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மாட் ஆசைக்குச் செய்வது, கேம் உன்னுடையதா, விற்க நீ யார் என்று. என் பங்குக்கு நானும் எழுதினேன்: "அண்ணா, நெஜ ட்ரெயின் டிக்கெட்டே இதவிட கம்மி."

உடனே பதில் வந்தது: "நெஜ ட்ரெயின்ல ஒனக்கு உக்கார எடம் கெடைக்குதா? இதுல கெடைக்கும்."

கிடைத்தது. காசு கட்டின ஒவ்வொருவருக்கும் மாட்டுக்குள் ஒரு சீட், சீட்டின் மேல் ஒரு கர்ச்சீப், கர்ச்சீப்பில் அவர்கள் பெயர். துபாயில் இருக்கிற நம்ம ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து புரொஃபைல் படமாகவே வைத்துக்கொண்டார்.

நம்ம ட்ரெயினில் போகிறவர்களுக்கு அது புரியும். ட்ரெயின் கிளம்புகிற மாரிகுப்பத்தில் முதலில் ஏறுகிறவன், அடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிற சிநேகிதர்களுக்கு கர்ச்சீப் போட்டு வைப்பான். போட்டால் போட்டதுதான். எம்.எல்.ஏ.வே ஏறினாலும் நிற்க வேண்டியதுதான்.

நான் மாரிகுப்பம். காலேஜ் பையன். பையில் காசு கிடையாது, இருப்பதெல்லாம் வாய்தான். ஒருநாள் ட்ரெயினிலேயே அவரைப் பிடித்தேன்.

"அண்ணா, எனக்கு ஃப்ரீயா குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"ஊர்க்காரன்."

"ஊர்க்காரன்னா டபுள் ரேட்டு. ஞாயித்துக்கெழம தூக்கத்த வுட்டு செஞ்சது தம்பி. தூக்கத்துக்கு ஒரு ரேட்டு போடக் கூடாதா?"

மாலூர் தாண்டி அவரே தோளில் தட்டினார். "சரி, காசு வாணாம். நீதான மொதல்ல ஏறுற. தெனமும் எனக்கு சீட் போட்டு வை. மூணாவது பெட்டி, ஜன்னல். அதான் ஒனக்கு ரேட்டு."

அன்றிலிருந்து கர்ச்சீப்பில் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கர்ச்சீப்பை மறந்துவிட்டேன். ஒரு தாளில் 'பெயிண்ட் ஈரம், உட்காராதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, சீட்டில் ஒட்டிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒருத்தர் உட்காரவில்லை.

சாம்பியனில் ஏறின அண்ணாவும் உட்காரவில்லை. தாளைப் படித்தார், தன் புது பேண்ட்டைப் பார்த்தார், நின்றபடியே வந்தார். பங்காருபேட்டையில் கொஞ்சம் பேர் இறங்கின பிறகுதான் நான் உள்ளே வர முடிந்தது.

"இன்னாணா நின்னுகினு வர்றீங்க? அது உங்க சீட்டு."

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒன்ன டேய்... தண்டவாளத்துல கட்டிப் போடணும்டா." சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

மாட்டின் அடுத்த வெர்ஷனில், மூன்றாவது பெட்டி ஜன்னல் சீட்டில் ஒரு தாள். பெயிண்ட் ஈரம். பக்கத்து சீட்டில் கர்ச்சீப். என் பெயர்.

ஒரே ஒரு குறை. கேமில் அவருடைய ட்ரெயின் பெங்களூரிலிருந்து சாம்பியன் வரைக்கும்தான் வரும். அதற்கப்புறம் தண்டவாளம் இருக்கும், ஊர் இருக்காது. வெறும் சாம்பல் கலர். கடைசி ஸ்டேஷன் எங்க மாரிகுப்பம் பாக்கி.

"உங்க வீடு வந்துட்டா போதுமாணா? நான் எங்க எறங்குறது?"

"நீ ஒழுங்கா சீட் போடு. அடுத்த வெர்ஷன்ல ஒன்ன ஊட்டாண்டயே எறக்கி வுடுறேன்."

நேற்று அடக்கம் முடிந்து வந்து கேமில் அந்த ட்ரெயினை ஓட்டிப் பார்த்தேன். சாம்பியனில் நின்றது. கதவு திறந்தது. அவர் இறங்குகிற ஸ்டேஷன், எல்லாம் அப்படியே இருக்கிறது, தண்ணீர்க் குழாய் கூட. நான் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன்.

குரூப்பில் ஒருத்தர் கேட்கிறார், அவர்தான் இல்லையே, இனிமேல் ஃப்ரீயாக விடலாமே என்று. அண்ணியிடமே கேட்டேன்.

"வாணாம்பா. மொத நூறு ரூபா வந்த அன்னிக்கி பிரியாணி வாங்கினு வந்தாரு. பிரியாணி நூத்தி எம்பது. அவ்ளோ குஷி அவருக்கு. ரேட்டு அப்டியே இருக்கட்டும்."

ஆக, ரேட்டு அப்படியே இருக்கும். பேரம் பேசுகிறவர்கள் என்னிடம் வாங்க.

இன்று காலை மாரிகுப்பத்தில் ஏறினேன். கை அது பாட்டுக்கு கர்ச்சீப்பைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எடுக்கவில்லை.

சாம்பியன் வந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஏறினார்கள்.

புதுசாக ஏறின ஒருத்தர் சீட்டைக் காட்டி, "யார்து இது?" என்று கன்னடத்தில் கேட்டார். "பர்தாரே" என்றேன். வருவார்.

தினமும் சீட்டு ஆடுகிற மாமாக்கள் எதிரில்தான் இருந்தார்கள். நேற்று அவர்களும் மண் போட்டவர்கள்தான். ஒரு மாமா கர்ச்சீப் பறக்காமல் இருக்க ஜன்னலை இறக்கிவிட்டார்.

பெங்களூர் வரைக்கும் ஜனம் நின்றுகொண்டு வந்தது. அந்த சீட் காலியாகவே வந்தது.

கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் மாரிகுப்பத்தில் நான்தான் முதலில் ஏறுவேன்.

போயிட்டு வாங்க அண்ணா.