இடப்பக்கத்துக் கிண்ணம்

நீக்கிலாப்பிள்ளைக்கு எதிரிகளுக்குக் குறைவில்லை. அதில் அவருக்குக் கவலையும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் தரை கூட்டப் போய், ஆறு வருடத்தில் அங்கேயே லேத் மெஷினில் நின்றார். எண்பத்தாறில் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்தார். தலைமயிரின் தடிப்பில் பத்திலொன்று பிசகினாலும் கடைந்த துண்டைத் தன் கையாலேயே தூக்கிக் குப்பையில் போடுவார். ரூஜ் பகுதியில் வீடு வாங்கி, அதன் நிலக்கீழ் பேஸ்மென்றை ஒரு கூலியாளும் வைக்காமல் தானே கட்டி முடித்தார். இத்தனை செய்த மனிதர், யேசுரட்ணம் மாஸ்ரரின் வாயில் மட்டும் வெறும் நீக்கிலான். ‘பிள்ளை’ அந்த வாயில் வருவதேயில்லை.

காரணம் அவர்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். நீக்கிலாப்பிள்ளையின் தகப்பன் பனையேறிக் கள்ளுச் சீவியவர். யேசுரட்ணம் அந்தப் பனங்காணிக்காரரின் மகன், பிறகு அதே ஊரில் தலைமை வாத்தியார். கோட்டும் சூட்டும் போட்டுச் சனம் பிளேன் ஏறியது. அந்தப் பனையையும் கூடவே ஏற்றிக்கொண்டுதான் வந்தது.

பட்டறையில் அவருக்குப் பக்கத்து மெஷின் மிலோஷ் என்ற செக் நாட்டுக்காரனுடையது. அறுபத்தெட்டில் தன் நாட்டுக்குள் புகுந்த ரஷ்யப் போர்த் தாங்கிகளுக்குத் தப்பி வந்தவன், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. அவனுடைய வேலை ஆயுதப் பெட்டியில் கறுப்புக் கொடியில் சிவப்புக் கிண்ணம் வரைந்த படமொன்று ஒட்டியிருந்தது. அதை ஏதோ பியர்க் கடை விளம்பரம் என்றே நீக்கிலாப்பிள்ளை வருடக்கணக்காக நினைத்திருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலையில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்.

மிலோஷ் பாண் துண்டைக் கீழே வைத்தான். உடைந்த இங்கிலீஷில் அவன் பாய, உடைந்த இங்கிலீஷில் இவர் மறித்தார்.

“நீ கத்தோலிக்கன்தானே, நிக்? உங்கட ஆக்கள்தான் எங்கட ஆளை எரிச்சது. ஆயிரத்து நானூற்றுப் பதினைஞ்சு, ஜூலை ஆறு.”

“நான் எரிக்கேல்லை. நான் அப்ப பிறக்கவும் இல்லை. நீயும்தான் பிறக்கேல்லை, ஏன் குதிக்கிறாய்?”

குதித்தவன் இருந்து கதையைச் சொன்னான். பிராக் நகரத்தில் யான் ஹூஸ் என்றொரு குருவானவர். சபையின் பெரியவர்கள் பணத்தாசை பிடித்து அலைகிறார்கள் என்று சனத்தின் பாஷையிலேயே பிரசங்கம் வைத்தவர். கொன்ஸ்ரன்ஸ் என்ற ஊரில் கூடியிருந்த ஆயர்களின் சங்கத்துக்கு வா, பத்திரமாகப் போய்வரலாம் என்று ராசா வாக்குக் கொடுத்து அழைத்தான். போனவரைச் சிறையில் அடைத்து, தலையில் பேய்ப்படம் கீறிய கடதாசித் தொப்பி வைத்து, உயிரோடு எரித்தார்கள். சாம்பலையும் ஆற்றில் கொட்டினார்கள்.

“கிண்ணம் எங்கை வருது?” என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டார்.

அங்கேதான் வந்தது. அந்தக் காலத்தில் பூசையில் அப்பம் சனத்துக்கு, கிண்ணத்துத் திராட்சை இரசம் குருவுக்கு மட்டும். எங்களுக்கும் கிண்ணம் வேண்டும் என்று ஹூசின் ஆட்கள் கேட்டார்கள். கூடாது என்று அதே சங்கம் சட்டம் போட்டது. சிந்திப் போகும், குடியானவனின் தாடியில் ஒட்டும் என்று படித்த மனிதர்கள் நியாயம் எழுதினார்கள். உழுகிறவனும் செருப்புத் தைக்கிறவனும் கிண்ணத்தைக் கொடியில் வரைந்துகொண்டு கிளம்பினார்கள். வண்டில்களைச் சங்கிலியால் கட்டிக் கோட்டையாக்கி, ஒற்றைக்கண் தளபதி ஒருவன் பின்னால் நின்று அடித்தார்கள். பாப்பரசர் படைமேல் படை அனுப்பினார், அத்தனையும் ஓடியது. கடைசியில் கிண்ணத்தைக் கொடுத்துத்தான் சமாதானம் பேசினார்கள்.

நீக்கிலாப்பிள்ளை சோற்றுப் பெட்டியை மூடினார். தாடிக் கதை அவருக்கு ஊரில் எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் தமிழ்ப் பூசைக்குப் புதிதாக ஓர் இளம் குருவானவர் வந்தார். அப்பத்தோடு இரசமும் இனிச் சனத்துக்குக் கொடுபடும் என்று அறிவித்து, பூசை முடிந்ததும் கோயிலின் கீழ் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்.

“கிண்ணம் பிடிக்க ரெண்டு பேர் வேணும்.”

பாதர் கேட்டு முடியுமுன்பே யேசுரட்ணம் தலையாட்டினார். நீக்கிலாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

“நீக்கிலான், உமக்கு ஷிப்ட் வேலை எல்லோ. கரைச்சல்,” என்றார் யேசுரட்ணம்.

“ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை, மாஸ்ரர்.”

யேசுரட்ணம் பாதர் பக்கம் திரும்பினார். “பாதர், நான் யோசிச்சுப் பாத்தன். உந்தக் கிண்ணமே வேண்டாம். ஒருத்தற்ர எச்சிலை ஒருத்தர் குடிக்கிறது... சளி, காய்ச்சல், மாரிக் குளிரும் வருது. முந்தின மாதிரி நீங்கள் மட்டும் குடியுங்கோ.”

“ரெண்டு நிமிசத்துக்கு முதல் தலையாட்டினியள். நான் கையைத் தூக்கின பிறகே சளி பிடிச்சது?”

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். நீக்கிலாப்பிள்ளை எழும்பினார். “உதே கதையைத்தான் கொன்ஸ்ரன்சிலையும் சொன்னவங்கள். ஆயிரத்து நானூற்றுப் பதினைஞ்சு. சிந்துமாம், தாடியிலை ஒட்டுமாம். குடுக்கிறதுக்கு மனமில்லாதவனுக்கு நியாயத்துக்கோ பஞ்சம்?”

“ஐஞ்சாம் வகுப்பு எங்களுக்கு ஐரோப்பாச் சரித்திரம் படிப்பிக்குது, கேளுங்கோ!” யேசுரட்ணம் சனத்தைப் பார்த்துச் சொன்னார். “அவங்கள் பதிதங்கள், நீக்கிலான். சபை தள்ளி வைச்ச கூட்டம். கோயிலுக்கை கதைக்கிற கதையே உது?”

“அந்தப் பதிதங்கள் கேட்டதைத்தானே இண்டைக்குப் பாதர் தாறார்?”

யேசுரட்ணத்துக்கு முகம் கறுத்தது. “எப்பிடி இருந்தாலும் சனத்துக்கு அருவருப்பு இருக்கும். சுகாதாரம் எண்டு ஒண்டு இருக்கு.”

“மாஸ்ரர், என்ர அப்பன் கையாலை கோலின பிளாவிலைதான் உங்கட கொப்பர் கள்ளுக் குடிச்சவர். பனையடியிலை குந்தியிருந்து குடிச்சவர். அப்ப உந்தச் சுகாதாரம் எங்கை போனது?”

ஓலையை மடித்துக் கோலிய அந்தப் பிளா அங்கே இருந்த பலரின் தகப்பன்மாருக்கும் பழக்கமானதுதான். இளம் குருவானவர் புத்தகத்தை மூடினார். “ரெண்டு கிண்ணம். வலப்பக்கம் மாஸ்ரர், இடப்பக்கம் நீக்கிலாப்பிள்ளை. விருப்பமான ஆக்கள் குடிக்கலாம்.”

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கிளடிஸ் காருக்குள் பொரிந்து தள்ளினாள். “உங்களுக்கு ஏனிந்த வேலை? ஒருத்தரும் உங்களிட்டை வராட்டி?”

“வரவைக்கிறன் பார்.”

“ஓம், இரும்பு கடையிற மாதிரிச் சனத்தையும் கடைஞ்சு போடுவியள்.”

அடுத்த ஞாயிறு பூசையில் அவர் புதுச் சூட்டில் நின்றார். குருவுக்கு அடுத்ததாகக் கிண்ணக்காரர் இருவரும் தங்கள் தங்கள் கிண்ணத்தில் குடிக்க வேண்டும். குடித்தார்கள். சனம் எழும்பியது.

இடப்பக்க வரிசையில் முதலில் வந்தவன், அவர் பட்டறையில் வேலை எடுத்துக் கொடுத்த பெடியனின் தகப்பன். குருவின் கையில் அப்பம் வாங்கினான். நீக்கிலாப்பிள்ளை கிண்ணத்தை உயர்த்தி, “கிறிஸ்துவின் இரத்தம்,” என்றார். அவன் தரையைப் பார்த்தபடி பீடத்தின் முன்னால் குறுக்கே நடந்து, வலப்பக்க வரிசையில் போய் நின்றான். இரண்டாமவளும் அப்படியே. மூன்றாவது ஆள் நேரே தன் இருக்கைக்குப் போனார். பத்துப் பேர், இருபது பேர். அவர் ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தை உயர்த்திச் சொன்னார். ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய குரல் வரவர உரத்தது. வலப்பக்கத்தில் வரிசை சுவர்வரை நீண்டது. எச்சிலும் சளியும் மாரியும் அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சனம் அளவுக்கு மிஞ்சியதால் வலப்பக்கக் கிண்ணம் வற்றிவிட்டது. இன்னும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். யேசுரட்ணம் வெறுங்கிண்ணத்தோடு இடப்பக்கம் வந்தார்.

“உம்மட்டைக் கிடக்கிறதை இதுக்கை ஊத்தும்,” என்றார், உதடு அசையாமல்.

“ஊத்தமாட்டன்.”

“சனம் பாக்குது, நீக்கிலான்.”

“பாக்கட்டும். வேணுமெண்டால் பத்தடி நடந்து வரட்டும். இதுக்குள்ளையும் அதே இரத்தம்தான்.”

குருவானவர் அப்பப் பாத்திரத்தோடு அசையாமல் நின்றார். யேசுரட்ணம் திரும்பிப் போய், கையை விரித்தார். முப்பது பேரும் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளை கிண்ணத்தை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். முன்னால் நின்றவர் திரும்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர். வரிசை அப்படியே கலைந்து இருக்கைகளுக்குப் போனது.

பாடற்குழுவிலிருந்து கிளடிஸ் இறங்கி வந்தாள். பாட்டுப் புத்தகம் கையிலேயே இருந்தது. அவர் சொல்ல, கோயில் முழுக்கக் கேட்க “ஆமென்” என்றாள். குடித்தாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது காதோடு சொன்னாள்: “ஒரு துளியும் அங்காலை குடுத்துப் போடாதேங்கோ.”

குருவானவர் கிட்ட வந்தார். “மிச்சத்தைக் கொட்டேலாது, அண்ணை. பிடிச்சவர்தான் குடிச்சு முடிக்கவேணும்.” அவருடைய முகத்தில் வெட்கம் இருந்தது.

“தெரியும், பாதர். முடிக்கிறன்.”

பாட்டு முடிந்திருந்தது. நீக்கிலாப்பிள்ளை பீடத்துக்குப் போகவில்லை. ஓரமாக ஒதுங்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே, சனத்துக்கு முகம் காட்டி, கிண்ணத்தை வாயில் வைத்தார். ஒரு மிடறு குடித்து, முதல் வரிசையைப் பார்த்தார். இன்னொரு மிடறு, அடுத்த வரிசை. அவசரப்படவில்லை. இரண்டு கிண்ணமும் சேர்த்துத்தான் பீடத்துக்குப் போகவேண்டும் என்பதால், யேசுரட்ணம் மாஸ்ரர் வெறுங்கிண்ணத்தைப் பிடித்தபடி, அவர் கடைசி வரிசைவரை பார்த்து முடிக்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.