கூட வந்தவர்

மனைவி சாயிரா மௌத்தான பிறகு, தாராவியில் அந்த மாடி அறையில் ஷாகுல் ஹமீது மட்டும்தான். தோல் பை தைக்கும் பட்டறையை விற்றாயிற்று. மகன் சைஃபுக்கு உல்லாஸ்நகரில் கடை, குடும்பம். பள்ளிவாசலில் நாலு பேருக்கு ஸலாம் சொல்வதோடு அவருடைய அன்றாடப் பேச்சு முடிந்துவிடும்.

கண்ணில் புரை விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட ஆள் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று இந்தியில் சொல்லித் திருப்பி அனுப்பினாள் நர்ஸ். மகனுக்குப் போன் போட்டார்.

"சீசன் டைம் வாப்பா. அடுத்த வாரம் கட்டாயம் வாறேன்."

அடுத்த வாரமும் அவன் வரவில்லை. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனவரை நர்ஸ் மறுபடியும் திருப்பிவிட்டாள். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் கனகவல்லி, செம்பூரில் வீட்டுவேலை செய்பவள். அவளையும் அதையே சொல்லித்தான் திருப்பியிருந்தார்கள்.

"பாய், இன்னைக்கு ஒங்களுக்கு நான் நிக்கேன். எனக்கு நீங்க வந்து நில்லுங்க," என்றாள்.

"என்ன உறவுன்னு கேட்டா?"

"தங்கச்சின்னு சொல்லுங்க."

இரண்டு பெயர்களையும் கேட்ட நர்ஸ் இருவரையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவரை உள்ளே அனுப்பினாள்.

கனகவல்லியின் முறை வந்தபோது அவர் விடிந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மத்தியானம் கண்ணில் கட்டோடு அவளை வெளியே கொண்டுவந்தார்கள். மற்றக் கண்ணும் மங்கல்; கை காற்றில் துழாவியது.

"பாய், இருக்கியளா?"

"இங்கனதான் இருக்கேம்மா."

அவர் மணிக்கட்டை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளைச் செம்பூரில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பும்போது அந்தக் கேள்வி அவர் நெஞ்சிலேயே நின்றது. அவர் இருக்கிறாரா என்று யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று.

அதன்பின், ஆபரேஷன் நடக்கும் செவ்வாய்தோறும் அந்தப் பெஞ்சில் அவரைப் பார்க்கலாம். தனியாக வந்து விழிப்பவர்களைப் பார்த்தால், "நான் கூட நிக்கட்டா?" என்பார். சிலருக்கு அண்ணன், சிலருக்கு மாமா. பீகார்க்காரர் ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். "ஒங்க சொந்தக்காரங்க ஊரு பூரா இருக்காங்க போல," என்று நர்ஸ் இந்தியில் கேலி செய்வாள். நன்றி சொல்லாமல் போனவர்களும் உண்டு. கணேசபாண்டியன் என்ற கிழவர் ஆட்டோவில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக ஷாகுல் ஹமீது வருத்தப்படவில்லை.

பூட்டைத் திறந்தால் அறை அப்படியேதான் கிடந்தது. பேச ஆளில்லை, ஒரு தட்டுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் அவருக்கு நன்றாகப் பசித்தது. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, ஆற அமரச் சாப்பிட்டார்.