நனைந்த பெட்டிகள்

சிதம்பரத்தில் தங்கை வீடு மாறுகிறாள். மழையில் வந்த அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் இறக்கியதும் ஈர அட்டையின் புளித்த வாடை எழுந்தது. ஒரு பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; உள்ளே அமுங்கியது.

அப்பா சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுகிறவர். கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை விரித்திருப்பார்கள். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு எந்தப் பெட்டி வந்தாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "நனஞ்ச பெட்டி ஆளத் தாங்காது," என்பார்.

படம் வந்ததும் அம்மா எங்களைக் கூட்டிப் போவாள். திரையில் அப்பா விழும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அடுத்து கதாநாயகன் அதே சட்டையோடு தூசி தட்டி எழுவான். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வரும். "பாருங்கடி, அப்பா எழுந்துட்டாரு."

ஓர் ஐப்பசி அடைமழையில் அப்பா படப்பிடிப்புக்காக மெட்ராசுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று வானத்தையே பார்த்தார்.

"இன்னிக்கு வேணாமே," என்றாள் அம்மா.

"போவலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

உடலாகத்தான் வேனில் வந்தார். கூட வந்தவர் சொன்னார்: "அவரு வர்றதுக்குள்ள மெத்தைய விரிச்சுட்டாங்க. அடியில பெட்டி நனஞ்சிருந்தத யாரும் பாக்கல."

அந்தக் காட்சியை வெட்டாமல் படம் வெளியானது. அம்மாவால் போகாமல் இருக்க முடியவில்லை. இந்த முறை கண்ணை மூடவில்லை. அப்பா விழுந்தார். கதாநாயகன் எழுந்தான். கொட்டகை முழுக்க விசில் பறந்தது.

அம்மா மடியிலிருந்த தங்கை கை தட்டினாள். "அம்மா, அப்பா எழுந்துட்டாரு."

தங்கைக்கு அது நினைவில்லை. பரணை எட்டுவதற்காக இப்போது ஒரு பெட்டியின் மேல் கால் வைக்கிறாள்.