தங்கம் ஏத்தியாச்சு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கத்துகிற ஆள் இல்லை. கேட்டுப் பாருங்கள், என் பிள்ளைகளே சொல்வார்கள். அன்றைக்குக் கத்தினேன். சோற்றுத் தட்டைத் தள்ளிய வேகத்தில் குழம்பு மேசை விரிப்பில் கொட்டியது. அதற்குக் காரணம் என் மகனின் வீட்டுப்பாடத்தில் இருந்த ஒரு சொல். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் வாசிக்கத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை, சாமான் ஏற்றும் வான் ஓடுகிறவன். எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில், மிச்சம் என்கிற இடத்தில் எங்கள் வீடு. வேலை முடிந்து ட்ராமில் வந்து, கை கழுவி, அப்போதுதான் சோற்றில் கை வைத்தேன். பக்கத்தில் மனைவி. எதிரில் மகள், ஸ்ட்ரெதத்தில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அன்றைக்கு முழுக்க நின்ற களைப்போடு இருந்தாள். சின்னவனுக்குப் பதினொரு வயது. அவன் தன் லாப்டொப்பை என் பக்கம் திருப்பினான்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடமாம். பழைய யுத்தம் ஒன்றில் ஒரு நாட்டுக்குள் பகைவன் நுழைகிறான். அரசாங்கம் பின்வாங்கி ஓடுகிறது. ஓடும்போது நாட்டின் தங்கம் முழுவதையும் லொறியில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, கடைசியில் கப்பலில் ஏற்றி வெளிநாடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அவன் படமும் கீறியிருந்தான். மலை, பனி, லொறி, அதற்குள் மஞ்சள் மஞ்சளாய்க் கட்டிகள். கீழே இங்கிலீஷில் ஒரு வசனம். என்ன என்று கேட்க, எனக்காகத் தமிழில் சொன்னான்.

"எல்லாம் காப்பாத்தப்பட்டது."

"எல்லாம் எண்டா?"

"தங்கம், அப்பா. ஒரு கட்டிகூட மிஸ் ஆகேல்லை. கூல் என்ன?"

"சனம்?"

"என்ன சனம்?"

"லொறி போன றோட்டில நிண்ட சனமடா. அதுகளுக்கு என்ன நடந்தது?"

தோளைக் குலுக்கினான். "அது பாடத்தில இல்லையே."

அப்போதுதான் தட்டுப் போனது. என்ன கத்தினேன் என்று வடிவாக நினைவில்லை. காப்பாற்றின கதையை எனக்குச் சொல்லாதே என்று கத்தியிருப்பேன். சின்னவனின் கண் கலங்கிவிட்டது. மகள்தான் குறுக்கே வந்தாள்.

"அப்பா, ரிலாக்ஸ். அந்தத் தங்கத்தை இவனே கொண்டுபோனவன்?"

மனைவி துணியை எடுத்துக் குழம்பைத் துடைத்தபடி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும்: சொல்லிப் போடாதேங்கோ. மகளின் வலது காலில் விரல்கள் இல்லை. பாதத்தின் முன்பாதி இல்லை. ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த சப்பாத்தைப் போட்டுத்தான் நடக்கிறாள். தகரம் வெட்டியது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது பொய் இல்லை. மிச்சத்தைத்தான் விட்டிருந்தோம். மிச்சத்தை அறிந்தால் அவளும் என்னைப்போல எரிந்துகொண்டே திரிவாள் என்று மனைவிக்குப் பயம்.

ஆனால் என் வாய் அடங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

வன்னியில் எங்களுக்கும் ஒரு அரசாங்கம் இருந்தது. உலகத்தில் எந்த நாடும் அதை அரசாங்கம் என்று ஏற்கவில்லை. என்றாலும் எங்களை ஆண்டது இயக்கம்தான். பொலிஸ் இருந்தது, கோர்ட் இருந்தது, வங்கி இருந்தது. சனம் தன் நகைகளை அந்த வங்கியில் வைத்தது, சிலர் அடகாக, சிலர் பாதுகாப்புக்காக. மனைவியின் தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் அங்கேதான் இருந்தன. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு.

என்னிடம் ஒரு சிவப்பு உழவு இயந்திரம் இருந்தது, பின்பெட்டியோடு. மணல், விறகு, நெல்லு, எது கிடைத்தாலும் ஏற்றினேன். யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. மேற்கிலிருந்து இராணுவம் வரவர நாங்கள் எல்லோரும் கிழக்கே, கடல் பக்கமாகப் பின்வாங்கினோம். ஆண்டவையும் பின்வாங்கினார்கள், ஆளப்பட்ட நாங்களும் பின்வாங்கினோம். எல்லோருக்கும் அந்த ஒரே றோட்டு. செல் குண்டு அடித்தது மற்ற அரசாங்கம், கொழும்பில் இருந்த அரசாங்கம். அந்தக் கோபம் வேறு. அதை எழுத வெளிக்கிட்டால் இந்தத் தாள் காணாது.

மகளுக்கு அப்போது நாலு வயது. செல்லுக்குப் பதுங்கும் பங்கருக்குள் தூக்கி இறக்கும்போது கூரைத் தகரம் அவளின் பாதத்தில் வெட்டிப்போட்டது. சின்னக் காயம்தான். மருந்து இல்லாமல் பழுத்துவிட்டது. பாதம் வீங்கிக் கருத்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், கண் திறக்கிறாள் இல்லை. இருந்த ஆஸ்பத்திரியையும் கிழக்கே மாற்றிவிட்டார்கள். விடிந்ததும் பின்பெட்டிக்குள் சாக்கு விரித்து, அதற்கு மேல் மனைவியின் சேலையை மடித்துப் போட்டேன், பிள்ளையைக் கிடத்திக் கொண்டுபோக.

பிள்ளையைத் தூக்க முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆண்டவையின் ஆட்கள். அவர்களுக்குப் பொறுப்பாக ஒருவர், முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள்.

"அண்ணை, வாகனம் தேவைப்படுது. நீங்களே ஓடுங்கோ."

"ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் தம்பி. பிள்ளைக்கு ஏலாது."

"நாங்களும் அந்தப் பக்கம்தான் அண்ணை."

அந்தப் பக்கம்தான் என்றதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எங்களையும் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். நானே சாக்கை எடுத்து மடித்து ஒரு மூலையில் வைத்து இடம் விட்டுக் கொடுத்தேன்.

இரும்புப் பெட்டகங்களைக் கொண்டுவந்தார்கள். சின்னதுகள். ஆனால் ஒன்றைத் தூக்க இரண்டு பேர், தூக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது. வங்கிப் பெட்டகம் என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. றோட்டில் போன சனத்துக்கும் விளங்கியது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏற்றி இறக்கிப் பிழைத்தவன் சொல்கிறேன். தங்கம் பாரம், ஆனால் இடம் பிடிக்காது. பெட்டகம் எல்லாம் அடுக்கி முடிய, அது என் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது. அதற்கு மேலே வெறும் காற்று. விறகு என்றால் தலைக்கு மேலே கட்டியிருப்பேன்.

நான் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா.

"தம்பி, என்ர தங்கத்தையும் ஏத்துங்கோ!"

அந்த ஆள் பின்பெட்டியின் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். திரும்பி மனைவியின் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த கழுத்து. கையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

"தங்கம் எல்லாம் ஏத்தியாச்சு அக்கா. பயப்பிடாதேங்கோ. உங்கடயும் இதுக்குள்ளதான் இருக்கும். பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்ப்பம்."

"நகை இல்லைத் தம்பி! இது! என்ர தங்கம், இது!"

பிள்ளையை உயர்த்திக் காட்டினா. தலை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அப்போதுதான் அவர் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆக்களை ஏத்தக் கூடாது எண்டு கட்டளை, அண்ணை. பாரமும் கூட."

பாரம். நாலு வயதுப் பிள்ளை, கஞ்சி குடித்துக் குடித்துக் கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்ட பிள்ளை, பாரம்!

"பிள்ளையை ஏத்தினா ஓடுறன்," என்றேன்.

"அண்ணை, விளங்கிக்கொள்ளுங்கோ. இது சனத்தின்ர சொத்து."

"இதுவும் சனம்தான்."

நான் எஞ்சினை நிப்பாட்டிவிட்டு இறங்கினேன். வீரம் என்று நினைக்க வேண்டாம், சாவியை அதிலேயே விட்டுவிட்டேன். வேறொருவன் ஏறினான். என் உழவு இயந்திரம் என் கண்ணுக்கு முன்னால் போனது. மூலையில் நான் மடித்து வைத்த சாக்கும் சேலையும்கூட அதோடு போய்விட்டன. பிள்ளை போகவில்லை.

நாங்கள் நடந்தோம். நான் தோளில் சுமக்க, கை சோர்ந்தால் மனைவி சுமக்க, செல் வந்தால் பிள்ளைக்கு மேலே நாங்கள் விழுந்து கிடக்க, அப்படித்தான் மறுநாள் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி என்றால் ஒரு பள்ளிக்கூடக் கொட்டில். வைத்தியர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். நித்திரை இல்லாத கண். எங்களைக் குறை சொல்லவில்லை, தனக்குத்தானே கதைக்கிற மாதிரிச் சொன்னார்: "நேற்றைக்கே கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்."

காப்பாற்றுகிறது என்ற சொல்லை நான் அங்கேதான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இல்லை.

இதை இவ்வளவு வடிவாக அன்றைக்கு மேசையில் சொல்லவில்லை. அரைவாசி கத்தி, அரைவாசி விழுங்கித்தான் சொன்னேன். சொல்லி முடிய, சின்னவன் மெதுவாகக் கேட்டான்.

"அந்தத் தங்கத்தை வித்துச் சனத்துக்குச் சாப்பாடு வாங்க நினைச்சிருப்பினமோ?"

"அப்பிடித்தான் அவையும் நினைச்சிருப்பினம். எந்தக் கடையில வாங்க? எங்களுக்குப் பின்னால ஆமி, முன்னால கடல்."

"பிறகு அது எங்க?"

"நிலத்தில தாட்டவை எண்டு கதை. மற்ற அரசாங்கம் கிண்டி எடுத்தது எண்டும் கதை. எங்கட கைக்கு ஒண்டும் வரேல்லை."

அந்தப் பொறுப்பான ஆள் பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திராது. அவர் அண்ணை என்றார், அக்கா என்றார். எங்கள் நகையை எங்களைவிடக் கவனமாகக் கொண்டுபோனார். தங்கம் போய்ச் சேர்ந்தால் நாடு போய்ச் சேர்ந்த மாதிரி என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே லண்டனில் சின்னவனுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் வான் ஓடுகிற நடு லண்டனில், நிலத்துக்கு அடியில், எத்தனையோ நாட்டுத் தங்கம் கிடக்கிறதாம். ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய், முதல் சொன்னதும் இப்போது சொல்வதும் வேறாய் இருக்கிறதே என்று அதனிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அகதி விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். மகளின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக்கூடப் பார்த்தார்கள்.

மகள் குனிந்தாள். சப்பாத்தைக் கழற்றி, காலைத் தூக்கித் தம்பியின் கதிரை விளிம்பில் வைத்தாள்.

"டேய், எழுதடா. ஒரு கட்டிகூட மிஸ் ஆகேல்லை. அக்காவின்ர அஞ்சு விரல் மட்டும் மிஸ்."

சின்னவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கால் தண்ணீர் வந்தது. மனைவி மகளின் தோளில் ஒன்று போட்டா. "விசரி! என்ன கதை இது?" பிறகு அவளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டா. "என்ர தங்கம் என்னோட வந்திட்டுது. மற்றதை ஆரும் வச்சிருக்கட்டும்."

அவ சொன்னது வடிவான கதை. கேட்கிறவர்களுக்கு மனம் ஆறும். எனக்கு ஆறவில்லை. மற்றதை ஏன் மற்றவர்கள் வைத்திருக்க வேண்டும்? அந்தத் தாலிக்கொடியும் எங்களுடையது, இந்தக் காலும் எங்களுடையது. இரண்டையும் எங்கட பேரைச் சொல்லித்தான் எடுத்தார்கள். நான் இரண்டையும் கேட்பேன்.

சின்னவன் அந்த வசனத்தை அழித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப என்ன எழுத?"

"'எல்லாம்' எண்டு எழுதாதை. தங்கம் காப்பாத்தப்பட்டது எண்டு எழுது. அதுக்குக் கீழ, சனத்தைப் பற்றிப் பாடத்தில ஒண்டும் இல்லை எண்டு எழுது."

"டீச்சர் மார்க் குறைப்பா."

"குறைக்கட்டும்."

அப்படியே எழுதினான்.

பாத்திரம் கழுவும்போது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒற்றைக் காலில் சப்பாத்து இல்லாமல், சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பின்பெட்டிக்குள்ள எனக்கு இடம் இருந்ததா?"

மனைவி அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டா.

"இருந்தது," என்றேன். "நீ காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது."

அவள் சிரிக்கவில்லை. பகிடியும் விடவில்லை. கோப்பையை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து வைத்தாள்.

"அப்ப அதை எழுதி வையுங்கோ," என்றாள்.