பெங்களூர் ஆட்டத்துக்குப் பத்து டிக்கெட்

காஞ்சிபுரத்தில் கால்பந்துக்கு ரசிகர் மன்றமா என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருக்கிறது. நாற்பத்தோரு பேர். சென்னை அணி சொந்த மைதானத்தில் ஆடினால் வேன் பிடித்துப் போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவோம். அதற்கு டிக்கெட் கேட்டால் கிடைக்கும். வெளியூர் ஆட்டம் என்றால்தான் வம்பு. எதிரணியின் மைதானத்தில் நம் ரசிகர்களுக்கென்று ஒதுக்குவது ஒரு மூலை. அதில் எங்கள் மன்றத்துக்குப் பத்து இடம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்து ஊர் மனுவெல்லாம் எழுதுகிறவன் என்பதால், அந்தப் பத்தைப் பங்கு போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதலில், முந்திக் கேட்டவருக்கு என்று வைத்தோம். தறியில் இருப்பவர்களும் பஸ் ஓட்டுகிறவரும் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் பத்தும் தீர்ந்துவிடும். சரி, அதிக ஆட்டம் பார்த்தவருக்கு என்று மாற்றினோம். அதே பத்துப் பேர் எல்லா ஊரையும் சுற்றி வந்தார்கள். கடைசியில் எங்கள் ஊருக்குத் தெரிந்த முறைக்கே வந்து சேர்ந்தோம். குலுக்கல் சீட்டு. எல்லோர் பெயரும் டப்பாவில். ஒருமுறை வந்த பெயர், மற்ற எல்லோருக்கும் ஒரு சுற்று முடியும்வரை மறுபடி உள்ளே போகாது. சீட்டுப் போடாத வீடே இங்கே கிடையாது என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதைவிட நியாயம் உலகத்தில் கிடையாது என்று நான் மார்தட்டிக்கொண்டேன். சீட்டில் பெயர் வந்தும் வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை.

மன்றத்தில் ஒரு தம்பதி உண்டு. ஒரே தறியில் கோர்வைப் புடவை நெய்கிறவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போக வேண்டும். அண்ணன் நடுவில் உட்கார்ந்து நெய்வார். அண்ணி ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளுவார். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சென்னை ஆட்டங்களுக்கு இருவரும் சேர்ந்தே வருவார்கள். அண்ணியின் சத்தத்துக்கு முன்னால் எங்கள் மேளம் எடுபடாது. நடுவரை அவர் திட்டும் திட்டுகளை இங்கே எழுத முடியாது. இருவருக்கும் ஒரே ஆசை, ஒரு தடவையாவது எதிரணி ஊரில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்துவிட வேண்டும்.

முதல் குலுக்கல் கொச்சி ஆட்டத்துக்கு. அண்ணன் பெயர் வந்தது, அண்ணி பெயர் வரவில்லை.

"நான் மட்டும் போனாலும் தறி நிக்கத்தான் போவுது. ரெண்டு பேரும் போனாலும் அதே நஷ்டந்தான். இவள சும்மா உக்கார வெச்சிட்டு நான் போயி இன்னாபா பண்றது? வேற யாருக்காச்சும் குடுத்துடு" என்றார்.

அடுத்த பெயருக்குக் கொடுத்தேன். அண்ணன் பெயரை மறுபடி டப்பாவில் போடலாமா என்று மன்றத்தில் கேட்டதற்கு, வந்தது வந்ததுதான் என்றார்கள். மறுபடி போட்டால் ஆளாளுக்குத் தூரத்து ஊரைத் தள்ளிவிட்டுப் பக்கத்து ஊருக்குக் காத்திருப்பார்களாம். அதுவும் சரியாகத்தான் பட்டது, எழுதிக்கொண்டேன். டிக்கெட்டைக் கைமாற்றக் கூடாது என்பதை முன்பே எழுதியிருந்தேன். ஒருவர் தன் டிக்கெட்டை மச்சானுக்குக் கொடுக்க, அந்த மனுஷன் எங்கள் மூலையில் நின்றுகொண்டு எதிரணிக்குக் கைதட்டி உதை வாங்கப் பார்த்ததன் பலன் அது.

பிறகு அண்ணி என் கடைக்கே வந்தார். "எங்க ரெண்டு பேரையும் ஒரே சீட்டுல எழுதிடேன் பா. வந்தா ரெண்டு பேரு, வரலன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. கொச்சிய விட்டதுக்குத் தண்டனையா வேணும்னா, இத அடுத்த வருசத்துலேர்ந்து வெச்சிக்கோ."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கூட்டத்தில் வைத்தேன். கல்யாணமாகாத ஒருவர், "எனக்குப் பொண்டாட்டி இல்லாததுக்கு இது ஃபைனா?" என்றார். முசரவாக்கத்து அண்ணன் தம்பி இருவர், "நாங்களும் ஒரே பைக்லதான் வர்றோம், எங்களையும் சேத்து எழுது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் அண்ணியும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆதரவாக ஏழு கை. பங்கு போடுகிறவன் பொதுவாக இருக்க வேண்டும் என்று சொல்லி நான் கையைத் தூக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெங்களூர் ஆட்டம் வந்தது. இருப்பதிலேயே பக்கத்து ஊர். அவர்கள் மனதில் வைத்திருந்ததும் அதைத்தான். ஏழாவது சீட்டில் அண்ணி பெயர் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அவர் தட்டவில்லை. அண்ணன் பெயர் டப்பாவிலேயே இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பத்தாவது சீட்டைப் பிரித்தேன். என் பெயர்.

என்னுடையதை அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீயே எழுதிட்டு நீயே மீறுவியா?" என்று ஒருவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பட்டியலில் பத்தாவதாக என் பெயரையே எழுதினேன்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய், "நீங்க மட்டுமாச்சும் வாங்கண்ணி" என்றேன்.

"போயேம்மா, நான் வீட்ல இருந்துக்கினு இருக்கேன்" என்றார் அண்ணன்.

"பக்கத்துல இவரு இல்லாம எனக்குக் கத்த வராது பா" என்றார் அண்ணி. "அடுத்த பேர எடுத்துக்கோ."

நான் போனேன். கடைசி நிமிடத்தில் அடித்து ஜெயித்தோம். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். ஆட்டம் நடந்த நேரம் முழுக்க அந்த இருவரின் ஞாபகம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். தறி பக்கத்தில் நின்றுகொண்டு அரைமணி நேரம் சொன்னேன். இருவர் கையும் நிற்கவில்லை. நம் மூலையில் வெயில் அடித்ததா என்று அண்ணன் கேட்டார். கடைசி கோல் எந்தப் பக்கத்து வலையில் விழுந்தது, நமக்குக் கிட்டவா தூரமா என்று அண்ணி கேட்டார். கிட்ட என்றேன். கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

நான் கிளம்பும்போது, "அடுத்த வருசம் வெளியூர் டப்பாவுல எங்க பேரப் போடாதே பா" என்றார் அண்ணி.

விதியை மாற்றிப் பார்க்கிறேன், மறுபடி கூட்டத்தில் பேசுகிறேன் என்று நான் ஆரம்பித்தேன்.

"வேணாம் பா. ஆட்டத்த நீ நல்லாதான் சொல்றே. போயிட்டுப் போயிட்டு வந்து சொல்லு, அது போதும்."

சரி அண்ணி என்றேன்.