பாலாபிஷேகத்தன்று தமாஷ் டெஸ்க்கில்

1. நாலு மொழி, ஒரு மேஜை

செய்தி இரண்டு வரி, கமெண்ட் நாலு வரி, படிப்பவர் சிரிக்க வேண்டும். வைட்ஃபீல்ட் ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்த வேலை இவ்வளவுதான். அதற்கு முன் பல வருஷம் பத்திரிகையில் கார்ப்பரேஷன், கோர்ட் என்று கறாரான செய்திகளை எழுதியவள் நான். ஒரு செய்தி ஆப்பில், 'தமாஷ் டெஸ்க்' என்று பேர் வைத்த மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தபோது, ரிட்டையர் ஆகிற வயதில் இந்தக் கூத்து தேவையா என்றுதான் தோன்றியது. ஒரே வாரத்தில் பிடித்துப்போனது.

வந்த செய்திகள் அப்படி. பக்கத்து வீட்டுச் சேவல் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று போலீஸில் புகார் கொடுத்தவர். மொபைலில் கேம் ஆடி முடித்துவிட்டுத்தான் தாலி கட்டுவேன் என்று அடம்பிடித்த மாப்பிள்ளை. ஒரு நடிகை செருப்புக் காலோடு கோலத்தின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதற்கு இணையத்தில் பெரிய சண்டை. அது கோலமே இல்லை, ஸ்டிக்கர் என்று தெரிந்ததும் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று இன்னொரு சண்டை. இதை எழுதியெல்லாமா சம்பளம் வாங்குகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். காலையில் அவர் முதலில் திறப்பதும் அதைத்தான்.

கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நாலு பேருக்கும் ஒரே நீள மேஜை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் வாசகருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வோம். ஆபீஸ் பாஷையில் அதற்கு 'லோக்கல் பண்றது' என்று பேர். அவரவர் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பது எழுதப்படாத சட்டம். துமகூரு பக்கம் ஒருவர் மாமரத்தில் ஏறித் தூங்கிவிட்டதாகக் கன்னட டெஸ்க் எழுதியது. தெலுங்கில் அவர் மனைவிக்குப் பயந்து ஏறினார். இந்தியில் மரத்திலேயே குடித்தனம் நடத்தினார். தமிழுக்கு வந்தபோது ரேஷன் கார்டில் மரத்தின் விலாசத்தைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டார்.

கன்னட டெஸ்க் மஞ்சுநாத் எனக்கு எதிர் சீட். நாற்பதை நெருங்கும் வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை. மாகடி ரோட்டில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தங்கமான மனுஷர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. ஒரு பெரிய கன்னட நடிகருக்கு அவர் பரம ரசிகர். பெயர் இங்கே வேண்டாம். அந்த நடிகரின் படம் வந்தால் மஞ்சு விடியற்காலை ஷோ பார்த்துவிட்டு நேராக ஆபீஸுக்கு வருவார். நாங்கள் யாரும் படத்தைப் பற்றி ஒரு குறை சொல்லக் கூடாது.

2. துடைப்பம்

அந்த நடிகரின் புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமை நான் மெட்ரோவில் வரும்போதே எல்லார் போனிலும் ஒரே வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசலில் மூன்று மாடி உயரத்துக்குக் கட்-அவுட். கீழே ரசிகர்கள் ஊற்றிய பால் குளமாகத் தேங்கிக் கிடக்கிறது. ரோடு பெருக்கும் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நீளத் துடைப்பத்தை ஓங்கி கட்-அவுட்டின் காலில் படபடவென்று அடிக்கிறார். "அறிவிருக்காடா உனக்கு?" என்று தமிழில் கத்துகிறார். அதோடு வீடியோ முடிந்துவிடும். எங்கள் ஹீரோவை அவமானப்படுத்திவிட்டாள், மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று ரசிகர் பக்கங்களில் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டில் பையை வைக்கவில்லை, தமிழ்ப் பிரிவுத் தலைவர் கார்த்திக் ஓடி வந்தார்.

"மேடம், லட்டு மாதிரி வந்திருக்கு. அந்தம்மா தமிழ். ஸ்ரீராம்புரமாம். 'கன்னட ஸ்டாருக்குத் துடைப்ப அபிஷேகம், சீறிய தமிழ்ப் பெண்'. தலைப்பு எப்படி?"

கார்த்திக் நல்ல பையன். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ், கன்னடம் என்ற இரண்டு சொற்களையும் ஒரு துடைப்பத்தையும் ஒரே வரியில் வைத்தால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர்ச் சண்டை வந்த நாட்களில், பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வா என்று அப்பா சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார். கடை ஷட்டர்களைச் சேர்ந்தாற்போல் இறக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நடையை எட்டிப் போட்டு வீட்டுக்குத்தான் போவேன். அந்தத் தலைப்பைக் கேட்டதும் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

"தமிழ்ங்கற வார்த்தை வேண்டாம் கார்த்திக்."

"மேடம், அதான் ஆங்கிளே. அத எடுத்துட்டா என்ன இருக்கு? ஒரு அம்மா பெருக்கறாங்க, அவ்ளோதான்."

"அந்தம்மாகிட்ட மொதல்ல பேசிடறேன்."

"ஃபன் டெஸ்க்ல போன் பண்ணி வெரிஃபை பண்ணப்போறீங்களா?" என்று சிரித்துவிட்டார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் டெஸ்க்கில் யாரும் யாருக்கும் போன் செய்ததே கிடையாது. சேவல்காரருக்கும் செய்ததில்லை, மாமரத்துக்காரருக்கும் செய்ததில்லை. சிரிப்புச் செய்திக்கு ஆதாரம் எதற்கு என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

எதிரே மஞ்சு உட்கார்ந்திருந்தார். தலைமுடி விறைத்து நின்றது, சட்டையிலிருந்து புளித்த பால் வாடை வந்தது. வழக்கமாகப் படம் பார்த்துவிட்டு வந்தால் மத்தியானம் வரை வாய் ஓயாது. அன்றைக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீடியோ பாத்தீங்களா மஞ்சு?"

"பாத்தேன் அக்கா. என்ன இருந்தாலும் எங்க ஹீரோ கால்மேல பொரகெ வெச்சது தப்புதான்," என்றார். துடைப்பத்துக்குக் கன்னடத்தில் பொரகெ.

3. போன்

தியேட்டருக்கு எதிரே இருந்த டீக்கடை மூலமாக நம்பர் கிடைத்தது. அந்த அம்மாவின் பெயர் தனம். குறிப்பெடுக்க வசதியாக ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேப்பரா? வெச்சிடும்மா. காலையிலருந்து யார் யாரோ போன் போட்டுத் திட்றாங்க. தெருமுனைக்குப் போவவே பயமா இருக்குது. மேஸ்திரி, நாளையிலருந்து வராதே, நீ வந்தா ரோட்ல கலாட்டா ஆவும்னுட்டான். எம்பொண்ணு காலேஜுக்கே போவல."

"நான் திட்டறதுக்குப் பண்ணலம்மா. எதுக்கு அடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"அடிச்சேன். இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த ஹீரோவையா அடிச்சேன்? மேல சாரத்துல ஒருத்தன் ஏறி நின்னுக்கினு இருந்தான்மா, கையில பால் கொடத்தோட. கட்டையெல்லாம் பால் பட்டு வழுக்குது. கயிறு அவுந்து தொங்குது. எறங்குடா எறங்குடான்னு கத்தறேன், டிரம் அடிக்கிற சத்தத்துல அவனுக்குக் காதே கேக்கல. பலகைய அடிச்சா மேல அதிரும், குனிஞ்சு பாப்பான்னு அடிச்சேன். பாத்தான். எறங்கினான். எறங்கினவன் என் மூஞ்சியக்கூட பாக்காம, படம் போட்ருவாங்கன்னு உள்ள ஓடிட்டான்."

"கன்னடத்துல கத்தியிருந்தா இவ்ளோ பிரச்சனை ஆகியிருக்காதே?"

"மொதல்ல கன்னடத்துலதாம்மா எறங்குன்னு கத்தினேன். இளியோ, இளியோன்னு. கயிறு சரிஞ்சதும் பயந்துட்டேன். பயந்தா வாயில எது வருமோ அதானே வரும்?"

"ஆள் யாருன்னு அடையாளம் தெரியுமா?"

"சின்னப் பையன்னா வுட்டுடலாம். சோடாபுட்டிக் கண்ணாடி, தொப்பை வேற. பொண்டாட்டி புள்ளைங்க இருக்கற வயசும்மா. அதான் அறிவிருக்காடான்னு கேட்டேன்."

நான் நிமிர்ந்தேன். எதிரே மஞ்சு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். பக்கத்தில் நின்றிருந்த கார்த்திக் மஞ்சுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. காலையிலிருந்தே இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே பொரகெ வைத்தது தப்பு என்று என்னிடம் ஒப்பித்திருக்கிறார்.

"அக்கா, நான்தான்னு சொன்னா ரசிகர் சங்கத்துல என்னை வெச்சுக்க மாட்டாங்க. வீட்ல அவளுக்குத் தெரிஞ்சா அதுக்கு மேல."

"உங்களுக்குத் திட்டு விழும் மஞ்சு. அந்தம்மாவுக்கு வேலை போகும். இன்னும் ஒரு மணி நேரத்துல வேற எவனாவது 'தமிழ்ப் பெண்'ணுன்னு தலைப்புப் போட்டான்னா அதோடவும் நிக்காது."

கார்த்திக்குக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது போலிருந்தது. "மேடம், பேர் போடாம நாமளே எழுதிடலாமா? மேல ஒரு ரசிகர் இருந்தார்னு?"

"தமிழ் டெஸ்க் தமிழ் அம்மாவுக்கு வக்காலத்து வாங்குதும்பாங்க. ஒருத்தன் நம்ப மாட்டான். இது கன்னடத்துலதான் மொதல்ல வரணும்."

மஞ்சு எழுந்து போய்விட்டார். ஓடியே போய்விட்டாரோ என்று நினைத்தேன். முகத்தையும் தலையையும் நன்றாகக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைப் செய்யத் தொடங்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

4. லோக்கல் பண்ணாத செய்தி

தலைப்பு, 'கட்-அவுட் மேலே இருந்த மடையன் நான்தான்'. கூடவே தன் போட்டோவையும் போட்டார். தொப்பையோடு சாரத்தில் ஏறிய லட்சணம், கால் வழுக்கியது, குடத்துப் பால் பாதி தன் தலையிலேயே கொட்டியது, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். 'என் ஹீரோ படத்தில் ஊரையே காப்பாற்றுகிறார். வாசலில் என்னைக் காப்பாற்றியது ஒரு பொரகெ. அந்தத் தாயை யாராவது திட்டுவதென்றால் முதலில் என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்' என்று முடித்திருந்தார். அந்த மேஜையில் நான் படித்த நல்ல தமாஷ் கட்டுரைகளில் அதற்குத்தான் முதலிடம்.

தெலுங்கும் இந்தியும் எடுத்துக்கொண்டன. அன்றைக்கு ஒருவரும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கவில்லை. நான் தமிழில் எழுதியபோது அந்த அம்மா என்ன மொழி பேசுபவர் என்று சொல்லவே இல்லை. கார்த்திக் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்றினார்.

ரசிகர்கள் முதலில் மஞ்சுவைத் திட்டினார்கள். பிறகு அவருடைய தொப்பையைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். கிண்டல் ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு வந்தது, ஏனென்றால் கேலி செய்கிறவன் கல்லைக் கீழே போட்டுவிட்டான் என்று அர்த்தம். வேறொரு இணையதளம் நாங்கள் போடாத அந்தத் தலைப்பைப் போடத்தான் செய்தது. அதன் கீழே கன்னட ரசிகர்களே வரிசையாக மஞ்சுவின் போட்டோவை ஒட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மேஸ்திரி தனம்மாவுக்குப் போன் செய்து, காலையில் வழக்கம்போல வந்துவிடு என்றாராம். மஞ்சுவின் வீட்டில் நடந்ததை அவர் கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு வினோதச் செய்திக்குள்ளும் ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். எழுதுவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். கேலி செய்ய ஆள் தேவைப்பட்டால் முதலில் உங்கள் மேஜையைச் சுற்றித் தேடுங்கள், கட்டாயம் ஒருவர் கிடைப்பார்.

அன்று ஆபீஸ் விட்டுக் கிளம்பும்போது மஞ்சு என் போனை வாங்கித் தனம்மாவை அழைத்தார். மேலே இருந்தவன் நான்தான் என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். அந்த அம்மா இரண்டு மொழியிலும் மாறி மாறி வாங்கு வாங்கென்று வாங்கினார். மஞ்சு தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். திட்டி ஓய்ந்ததும் தனம்மா, "அது சரி, படம் எப்படிப்பா இருக்குது?" என்றார்.

அவ்வளவுதான், மஞ்சுவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஹீரோ ரயிலிலிருந்து இறங்கி வருவது, இடைவேளையில் வில்லன் யார் என்று தெரிவது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நான் போனைப் பிடுங்கப் போனபோது அந்தப் பக்கத்திலிருந்து அவசரமாகக் குரல் வந்தது.

"ஐயோ, போதும் நிறுத்துப்பா! கிளைமாக்ஸ சொல்லிடாத. ஞாயித்துக்கெழம நானும் எம்பொண்ணும் அதே தியேட்டருக்குப் போறோம்."